ஆளுக்கொரு ஸ்டீயரிங்

பின்னால் டிரெய்லர் வீட்டை இழுத்துப் போகும் காரில் கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு ஸ்டீயரிங் இருக்க வேண்டும் என்பது சட்டம். எந்தக் கை நிதானமோ, அதன் பேச்சைத்தான் கார் கேட்கும். அது யார் கை என்பதைக் குடும்ப அமைதி கருதிச் சொல்லாது.

தன் கைதான் என்பதில் ஓய்வுபெற்ற கண்காணிப்புப் பொறியாளர் ஆவுடையப்பனுக்குச் சந்தேகமே கிடையாது. வால்பாறை மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் முடிந்ததும், "இது பழக்கம் இல்ல கோமதி, ஞானம்" என்று மனைவிக்கு அறிவித்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது வளைவில் கோமதி ஆரஞ்சு உரிக்கக் கையை எடுத்தாள். கார் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது.

ஆவுடையப்பன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. முறுக்கிப் பார்த்தார். கார் அசையவில்லை.

"ரிப்பேர் போல."

கோமதி பழத்தை மடியில் போட்டுவிட்டுக் கை வைத்தாள். கார் கிளம்பியது.

"அப்போ இவ்வளவு நேரம் நான் என்ன செஞ்சேன்?"

"நீங்களும்தான் திருப்பிட்டு வந்தீங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வருஷம் ஏற்காட்டுல தெரிஞ்சுது. ஸ்டீயரிங்கைப் புடிச்சபடியே பதினோரு வளைவு தூங்கிட்டீங்க."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பினா பேச ஆரம்பிச்சிருவீங்க. நான் ரோட்டைப் பாக்கணும்லா?"

பத்தாவது வளைவு நெருங்கியது. திருப்புவதா, கையைச் சும்மா வைத்திருப்பதா என்று ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக அவளிடம் யோசனை கேட்டார்:

"கோமதி, நான் இப்ப என்ன செய்ய?"