தவசிமுத்து போட்ட கல்

கனமான கல்தான் முதலில் தரையைத் தொடும் என்று லேத் பட்டறைத் தவசிமுத்து மூன்றாவது முறையாக எழுதியபோது, இணைய அறிவியல் குழுவில் பலரும் அவரை நீக்கச் சொன்னார்கள். குழுவை நடத்தும் செல்வநாயகிக்கு மனம் வரவில்லை. ஏசியவர்களின் பதிவுகளை அழித்துவிட்டு, "அண்ணே, ரெண்டு கல்லை ஒண்ணா போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் அவர் குழுப் பக்கமே வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தாள். பிறகு ஒரு காணொளி வந்தது. மொட்டைமாடியிலிருந்து அம்மிக்குழவியையும் கூழாங்கல்லையும் சேர்த்து விடுகிறார். பத்துத் தடவையும் இரண்டும் ஒன்றாக விழுந்து ஒரே சத்தம்.

"நான் சொன்னது தப்புதாம்மா," என்று மூச்சிரைக்கச் சிரித்தார். "அப்ப கோழி இறகு மட்டும் ஏன் ஆடி ஆடி வருது?"

அவரை நீக்கச் சொன்ன ஒருவர் கீழே எழுதினார்: "இருங்கண்ணே, நானும் மாடிக்குப் போய்ப் போட்டுப் பாக்குறேன்."