கோர்ட்டில் முன்வரிசை

"வர்ற திங்கக்கிழமை சிரம்பான் கோர்ட்டுல நம்ம புஷ்பா கேஸு. வேன் சொல்லியாச்சு. யாரு யாரு வர்றீங்க?"

காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட வரிசையில் நின்ற பெண்களை மயிலம்மாள் கல்யாணத்துக்கு அழைப்பது போல் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"மண்டோர் லீவு தரமாட்டாரே, மயிலக்கா?"

"வீட்டுல கல்யாணம்னு சொல்லு."

"அத்தனை பேர் வீட்டுலயுமா?"

"பெரிய குடும்பம்னு சொல்லு லா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஓரமாக நின்ற புஷ்பவள்ளிக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

லிங்கிப் பக்கத்து அந்தச் செம்பனைத் தோட்டத்தில் மயிலம்மாளின் வாய் பிரசித்தம். காலையில் அவள் காதில் விழுவது மத்தியானத்துக்குள் கோலா பிலாவைத் தாண்டிவிடும்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். வராதீங்க."

"ஏன்? கோர்ட்டு என்ன உன் வீட்டு அடுப்படியா? யாரு வேணும்னாலும் போய் உக்காரலாம். போன தடவையே நான் வந்திருந்தேனே, கடைசி பெஞ்சில."

"அங்க நான் என்னென்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும், தெரியும்," என்றவள் உடனே மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏய், பவுடர் பூசிக்கிட்டு நின்னீங்கன்னா விட்டுட்டுப் போயிருவேன். வெள்ளனே போகணும். முன்வரிசை நமக்குத்தான்!"

புஷ்பவள்ளி திரும்பி நடந்துவிட்டாள்.

அவளைப் பலாத்காரம் செய்த லோரிக் குத்தகைக்காரன் ஏற்கெனவே ஜெயிலில் இருக்கிறான். இப்போது நடப்பது நஷ்ட ஈட்டு வழக்கு. அந்த நாளுக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகாமல் கிடந்ததற்கும், தூக்கமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததற்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் போன தடவை சாட்சிக் கூண்டில் ஏறியவளுக்கு வாயே திறக்கவில்லை. ஏன் என்று வக்கீல் தர்ஷிகா எவ்வளவோ கேட்டும் அவள் சொல்லவில்லை.

"இந்தத் தடவையும் பேசலைன்னா கேஸ் நம்ம கையை விட்டுப் போயிடும், புஷ்பா," என்று தர்ஷிகா போனில் சொல்லியிருந்தார்.

அது போதாதென்று, வேடிக்கை பார்க்க ஒரு வேன் நிறைய ஆள் வேறு.

திங்கட்கிழமை தர்ஷிகாவோடு அவள் உள்ளே நுழைந்தபோது, முன்வரிசையிலிருந்து கடைசி பெஞ்சு வரை தோட்டமே உட்கார்ந்திருந்தது. நடுநடுவே இருந்த காலி இடங்களில் துண்டு, கைப்பை, குடை, தண்ணீர்ப் போத்தல்.

"மக்சிக், இது விருந்து வீடு இல்லை!" கோர்ட் சேவகர் மலாயில் அதட்டினார்.

"தெரியும் லா, என்சிக். விருந்து வீடா இருந்தா சாப்பாடு போட்டிருப்பீங்களே," என்றாள் மயிலம்மாள், அவளும் மலாயிலேயே.

தர்ஷிகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புஷ்பவள்ளிக்கு அழுகை வந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லோரிக்காரனின் அண்ணன்கள் மூன்று பேரும் வந்தார்கள். புஷ்பவள்ளி தர்ஷிகாவின் பின்னால் ஒதுங்கினாள். போன தடவை கூண்டுக்கு நேர் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்.

"தள்ளிக்குங்க," என்றான் மூத்தவன்.

"இடமில்ல, தம்பி," என்றாள் மயிலம்மாள்.

"அதோ காலியா இருக்கே?"

"துண்டு போட்டிருக்கு, தெரியல?"

"துண்டுதானே போட்டிருக்கு!"

"துண்டு போட்டா ஆளு உக்காந்த மாதிரிதான். நீ கோயில் திருவிழாவுக்கே போனதில்லையா?"

மூத்தவன் சேவகரைக் கூப்பிட்டான். சேவகர் வந்து பார்ப்பதற்குள், அத்தனை பெண்களும் துண்டையும் கைப்பையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காலை அகட்டி, முழங்கையை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். காலி இடம் இருந்த சுவடே இல்லை.

"இங்கே நிற்கக் கூடாது. வெளியே போங்கள்," என்றார் சேவகர்.

கதவு மூடிக்கொண்டது.

புஷ்பவள்ளி கூண்டில் ஏறினாள். எதிரே மயிலம்மாள், இரண்டு பேர் உட்காரும் இடத்தில் ஒருத்தியாக. முதல் வார்த்தை வரத்தான் நேரமானது. அதன்பிறகு நிற்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டதற்கும் பதில் சொன்னாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

முடிந்து வெளியே வந்ததும் தர்ஷிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி எனக்குப் பயமில்லை, புஷ்பா."

புஷ்பவள்ளிக்கு ஒரு பயம் பாக்கியிருந்தது. அவள் மயிலம்மாளிடம் போனாள்.

"அக்கா, அவனுங்களை வெளிய நிறுத்துனீங்களே, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா…" சுற்றும் முற்றும் பார்த்தாள். "உள்ள நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டீங்க. தோட்டத்துல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

மயிலம்மாள் பதிலே சொல்லவில்லை. வேன் வந்துவிட்டதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லத்தான் போகிறாள் என்று புஷ்பவள்ளிக்குத் தோன்றியது. எரிச்சலோடு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா! உங்ககிட்டதான் பேசுறேன்!"

மயிலம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இரண்டு காதுகளிலிருந்தும் கட்டை விரல் பருமனுக்குப் பஞ்சை உருவி எடுத்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

"இப்பச் சொல்லு, புள்ள. உள்ள எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டியா?"