மண்டையோட்டு மகாராணி

கடலூரில் காமிக்ஸ் திருவிழா. பிடித்த பாத்திரம் போல வேடமிட்டு வந்தால் பரிசு உண்டு. ஆகாஷ் சிதம்பரத்திலேயே, தான் உயிராய் நினைக்கும் மண்டையோட்டு மகாராணியாக மாறி பஸ் ஏறினான். நீல முகம், தொங்கும் அட்டை நாக்கு, கழுத்தில் பிளாஸ்டிக் மண்டையோடுகள், அரக்குப் பட்டுப்புடவை.

அன்று அம்மன் கோயில்களில் மயானக் கொள்ளைத் திருநாள் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. யாரோ வேண்டுதலுக்குக் காளி வேடம் கட்டியிருக்கிறார் என்று நினைத்த கண்டக்டர், டிக்கெட் கேட்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். முன்சீட்டுக்காரர் கையில் எலுமிச்சம்பழம் திணித்தார்.

புதுச்சத்திரத்தில் ஏறிய திலகவதி நேராக அவனருகே வந்து உட்கார்ந்தாள். ஆகாஷுக்கு வியர்த்தது.

"தாயே, எனக்கு ஒரு கொற. எம்புள்ள எந்நேரமும் பொம்மப் பொஸ்தகமும் கையுமா கெடக்குறான். அத்தனையும் தூக்கிப் பழைய பேப்பர் கடையில போட்டுடலாம்னு இருக்கேன். போடட்டுமா?"

ஆகாஷ் எழுந்து ஆட ஆரம்பித்தான். மண்டையோடுகள் கடகடத்தன. அட்டை நாக்கை ஒதுக்கிவிட்டு உறுமினான்.

"தொடாத. தொட்டா ரத்தம் கக்குவ. அவன் எனக்குச் செல்லப்புள்ள. தெனம் அவனுக்கு மீன் கொழம்பு வச்சிப் போடு."

பஸ்ஸே கையெடுத்துக் கும்பிட்டது.

"உத்தரவு தாயே" என்று திலகவதியும் கும்பிட்டாள். கடலூர் வந்ததும் எழுந்தவள், அவன் காதருகே குனிந்தாள்.

"வீட்டுக்கு வரும்போது பால் பாக்கெட் வாங்கியாடா. எங் கல்யாணப் பொடவையில சாயம் கீயம் பட்டுச்சு, அப்பறம் சாமியாடப் போறது நாந்தான்."