கடுகுத் தலை

“இன்னிக்கும் வந்து நிக்கிறான் பாருங்க.”

திரைச்சீலையை விரலளவு விலக்கிக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள். இதற்காகவே அவனை லீவு போட வைத்திருந்தாள். 

கணவன் எட்டிப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரர். அச்சகத்தில் ராத்திரி வேலை. இவர்களுடைய முதல் மாடி பால்கனிக்கு நேர் கீழே அண்ணாந்து நின்றிருந்தார். இரண்டு கைகளும் லேசாக முன்னால் நீண்டிருந்தன.

பால்கனியில் ஒன்றரை வயதுக் குட்டி, கிண்ணத்தைக் கரண்டியால் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தது. பிள்ளைமேல் வெயில் படட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பால்கனிக்குக் கம்பி இருக்கிறது, அதில் அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் கீழே நிற்கிற ஆளிடம்தான்.

“கையை நீட்டி நீட்டிப் புள்ளையக் கூப்பிடறான். முதல்ல போட்டோ எடுத்தான். அப்புறம் ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டினான். நான் திறப்பேனா?”

“அவர் அட்டைல வீடு செய்யறவர்ம்மா. பொம்மை ரயிலுக்கு ஊர் கட்டறாராம். நம்ம தெருவையே செய்யறதாக் கேள்வி.”

“வீடு செய்யறவனுக்கு எம்புள்ளகிட்ட என்ன வேலை?”

 அவள் போய்க் குட்டியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மறுநிமிடம் அந்த ஆள் ஒரு கொட்டாவி விட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

“பார்த்தீங்களா? புள்ள உள்ள வந்ததும் கிளம்பிட்டான். இப்ப நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?”

குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி.

“வாங்க வாங்க. அக்காவோட பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், காலைலதான் வந்தேன். நானே உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன். அவர் இப்பத்தான் கண்ணசந்தார். எழுப்பட்டுமா?”

நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார் அவர். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் தோலாக உரிந்திருந்தது.

பக்கத்தில் பெரிய மேஜை. அதன்மேல் அச்சடித்து, வெட்டி, மடித்து ஒட்டிய அட்டைத் தெரு. நடுவில் அவள் வீடு. அவளுடைய பச்சைத் திரைச்சீலை, துணிக்கொடி, பால்கனியில் நூல் நூலாகக் கம்பி. கம்பிக்குப் பின்னால் விரல்நகத்தில் பாதி உயரத்துக்குச் சிவப்புச் சட்டைக் குழந்தை.

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். “எங்க குட்டியை எதுக்குச் செஞ்சு வச்சிருக்கார்?”

“அதை ஏன் கேக்கறீங்க. இந்த மனுஷன் தெருவைச் செஞ்சா தெருநாயைக்கூட விடமாட்டார். உங்க குட்டிக்குத் தலை எது தெரியுமா? கடுகு. என் அஞ்சறைப் பெட்டில எடுத்தது. ஆனா அது பால்கனில நிக்கவே மாட்டேங்குதாம். லேசாத் தொட்டுப் பாருங்க.”

அவள் நகத்தால் தொட்டாள்.

பொம்மை சாய்ந்தது. கடுகுத் தலை இரண்டு கம்பிக்கு நடுவே சுளுவாக நுழைந்தது. பின்னாலேயே உடம்பும் போய், தலைகீழாக அட்டைத் தெருவில் விழுந்தது.

“அளவு தப்புன்னு நெனச்சு எல்லாத்தையும் பிச்சு மறுபடி ஒட்டினாராம். அப்பவும் விழுந்துச்சு. போட்டோ எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கார். அளவு சரியாத்தான் இருந்துச்சு. உங்க வீட்டுக் கம்பிதான் தப்பு, இடைவெளி அவ்வளவு அகலம்.”

கணவன் விழுந்த பொம்மையை எடுத்து நிமிர்த்தினான். “எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“வந்தாரே. ‘குழந்தை’ன்னு வாயெடுத்ததும், போலீஸைக் கூப்பிடுவேன்னு உள்ளேர்ந்து சத்தம் வந்துச்சாம். இவர் ஒரு பயந்தாங்கொள்ளி, திரும்பி வந்துட்டார். உங்க வீட்டு ஓனர்கிட்டப் போய்ச் சொன்னா, வெல்டிங் ஆள் வருவான் வருவான்னு இழுக்கறாராம்.”

அவள் குட்டியின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். 

“அப்போ... தினமும் கீழ வந்து நிக்கிறது?”

தூங்குகிறவரைப் பார்த்து அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“பகல்ல தூங்கினாத்தானே ராத்திரி மெஷின்ல நிக்க முடியும்? போன்ல சொன்னாலும் கேக்கறதில்ல. நடுவுல இன்னும் கம்பி போடறவரைக்கும், பாப்பா வெளிய இருக்கற நேரம் கீழ நின்னு கையை ஏந்திக்கிறார்.”