ஒன்பதாம் கேள்வி

கெம்ப்டன் நகரக் காப்பீட்டு அலுவலகத்தில் ஓட்மார் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். மறுமுனையில் பனிச்சறுக்கு வீராங்கனை வெரேனா லாய்ட்னர்.

"கால் எலும்பு செவ்வாய்க்கிழமை நீங்க விழுந்தப்பவே உடைஞ்சிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனது சனிக்கிழமை. நடுவுல என்ன பண்ணீங்க?"

"மூணு பந்தயத்துல இறங்கினேன். ஒண்ணுல வெள்ளி."

"உடைஞ்ச காலோட?"

"உடைஞ்சது தெரியாதுங்க. சனிக்கிழமை காலுறை மாத்தும்போதுதான் வீக்கத்தைப் பார்த்தேன்."

ஓட்மார் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாருக்கு மேடம் காது குத்துறீங்க? நான் மூணு வயசுலேர்ந்து இந்த மலையில சறுக்குறவன். சுளுக்குனாலே ஒரு வளைவு திரும்ப முடியாது. வலியே இல்லையா?"

"இல்லைங்க."

"மாத்திரை ஏதாவது?"

"பந்தயம் முடிஞ்சதும் ஊக்கமருந்து சோதனை எடுத்தாங்க. ஒண்ணும் இல்லை."

மோசடிதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஆனாலும் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"சரி, ஒன்பதாம் கேள்வி. எந்தத் தேதியிலேர்ந்து உங்களால நடக்க முடியலை?"

"எழுதிக்குங்க. மார்ச் நாலு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி."

"என்னது?"

"மரத்துல மோதி முதுகெலும்பு போச்சுங்க. அதுலேர்ந்து சறுக்குப் பலகையில இருக்கை மாட்டி, உட்கார்ந்துதான் சறுக்குறேன். இடுப்புக்குக் கீழ வெட்டினாக்கூடத் தெரியாது."

ஓட்மார் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"கட்டு எப்போ பிரிப்பாங்க?"

"இதுவும் படிவத்துல இருக்கா?"

"இல்லை மேடம். நானா கேக்குறேன்."

"அடுத்த மாசம். கட்டோட கால் சறுக்கு இருக்கைக்குள்ள நுழைய மாட்டேங்குது. அது ஒண்ணுதாங்க இப்போ வலிக்குது."