காந்தத் தண்ணீர்

"அத்தான், உங்களுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. அக்கா இன்னும் அனலாக் கொதிக்கிறா. ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம்."

"காந்தம் போட்டு வச்ச தண்ணி எல்லாத்தையும் பாத்துக்கும்டா," என்றார், உலகமே கொண்டாடும் அந்த விஞ்ஞானி.

"நீ சும்மா இரு தம்பி," என்று அக்காளும் முனகினாள். "ரெண்டு பேரும் ஒரே தண்ணியைத்தான் குடிக்கிறோம். அவருக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா?"

அவர் நீட்டிய டம்ளரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

விடியும்போது அவள் இல்லை.

தம்பி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "உங்க காந்தத் தண்ணிதான் எங்கக்காவைக் கொன்னுடுச்சு!"

"அபாண்டமாப் பேசாதே!" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "காந்தத் தண்ணி குடிச்சவன் நான். ஒப்பிட்டுப் பாக்க இன்னொருத்தர் வேணாமா? அவளுக்குக் கொடுத்தது வெறும் குழாய்த் தண்ணி. இப்பவாவது நம்புறியா?"