கொம்பு முளைத்த அலை

செங்கல் கிராமத்தில் ஸ்ரீகுமார் வீட்டு ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் மாலை வெயில் மஞ்சளாக வடிகிறது. தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே அவனும் சுஜாவும் நிற்கிறார்கள்; நாளைக்குக் கல்லூரியில் புராஜெக்டைக் காட்ட வேண்டும். சிற்றலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த அலையையும் எழுப்பலாம் என்கிற ஃபூரியர் தொடரைச் சைக்கிள் பற்சக்கரங்களிலும் நூலிலும் ஏற்றியிருக்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் பென்சில் சதுர அலை வரைகிறது. ஆனால் மூலைதோறும் ஒரு கொம்பு துருத்துகிறது. “அச்சு ஆடுதாக்கும்,” என்று காலையிலிருந்து அதை அரத்தால் அராவிக்கொண்டே இருக்கிறான் ஸ்ரீகுமார். சுஜா, தான் கால்குலேட்டரில் கணக்குப் போட்டு வரைந்த தாளை இயந்திரம் வரைந்த தாளின்மேல் வைத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். கோட்டோடு கோடு ஒட்டுகிறது, கொம்போடு கொம்பும். “எலே, அரத்தைக் கீழ வை. கொம்பு கணக்கிலேயே உண்டு! நம்ம மெஷின் சரியாக்கும்.” அவன் முகம் மலர்ந்து, உடனே வாடுகிறது. “அய்யோ மக்கா, இப்ப அராவினதுல அது போயிருக்குமோ?” இரும்புத்தூள் படிந்த கையால் கைப்பிடியைச் சுற்றுகிறான். சக்கரங்கள் கிறீச்சிடுகின்றன. பென்சில் ஏறுகிறது. காலையிலிருந்து திட்டித் தீர்த்த கொம்பு வரவேண்டுமே என்று இருவரும் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். மூலையில் பென்சில் ஒரு துள்ளுத் துள்ளுகிறது. “வந்துட்டு! வந்துட்டு!” என்று கத்துகிறாள் சுஜா, கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை கார் வந்து நின்றதுபோல.